கொன்றவன் பாடும் இரங்கற்பா

நாற்பத்திரண்டாம் அகவையில், தம் பதினெட்டாவது இசைத்தொகுப்பின் வழியாகத்தான் ஒரு பாடகர் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தார் என்றால் வாசகர் வியக்கக்கூடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தவரான வில்லி நெல்சனுக்கு நேர்ந்தது அதுவே. 1975-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்னும் இசைத்தட்டு, அதுவரை பிறர் பாடுவதற்குப் பாட்டெழுதித் தருபவர் என்றே பெரிதும் அறியப்பட்டிருந்த அவரை, அந்நாட்டுக் கிராமிய இசையின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. 'செம்முடி அந்நியன்' என்று அதனை நாம் தமிழில் அழைக்கலாம். சின்னதும் பெரியதுமாகப் பதினைந்து உருப்படிகள். மொத்தம் முப்பத்து மூன்று நிமிடங்கள் அளவே. நம் ஞாயிறு மறையுரைகளில் சில இதனினும் நீண்டவை.

அரை நூற்றாண்டு கடந்த இத்தொகுப்பைப் பற்றி, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்துகொண்டு நாம் எழுதப் புகுவதற்குக் காரணம் இதன் கதை. மனைவியைக் கொன்ற ஒருவன் இதில் பாடுகிறான். அவன் ஒரு போதகன் என்றே கேட்போர் பலரும் கொள்கின்றனர். பின்னர் 1986-இல் இதே பெயரில் வெளிவந்த திரைப்படமும் அவனைப் போதகனாகவே காட்டியது, நெல்சனே அவ்வேடத்தை ஏற்றார். (திரைப்படம் நம் கவனத்தை நெடுநேரம் பெறத்தக்கதன்று.) மறையுரை ஆற்றுபவன் கையில் துப்பாக்கி, அவன் குரலிலோ நெஞ்சை உருக்கும் இனிமை. அந்த இனிமையை என்ன செய்வது என்பதே நம்முன் உள்ள வினா. பசியாவரம் முதலான ஏரிக்கரை ஊர்களில், கணவனின் கைக்கு அஞ்சி இரவில் பங்கு இல்லத்தின் படியேறி வந்து நிற்கும் பெண்களைக் கண்டிருக்கும் நமக்கு இது வெறும் இசை இரசனை பற்றிய வினா அன்று.

முதலில் பாடகரைப் பற்றிச் சில சொற்கள். நெல்சன் 1933-இல் ஆபட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்து சென்றுவிடவே, கொல்லராகிய தாத்தாவும் பாட்டியும் அவரையும் அக்காள் பாபியையும் வளர்த்தனர். இசையைப் பயிற்றுவித்தவர்களும் அவர்களே. ஊரின் மெதடிஸ்து ஆலயத்தில் அக்காள் பியானோ இசைக்கத் தம்பி பாடினார். இளமையில் அவர் ஞாயிறுப் பள்ளியில் மறைக்கல்வி கற்பித்ததுண்டு. வார நாள்களில் மதுக்கூடங்களிலும் பாடிவந்தார். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று ஆலயத்தின் போதகர் பணித்தபோது அவர் மதுக்கூடத்தையே தெரிந்துகொண்டார். இதனைப் படித்து முகம் சுளிக்கும் வாசகர்க்கு ஒன்று கூறுவோம்: அவர் மறைப்பாடல்களை அங்கே விட்டுவிட்டுச் செல்லவில்லை. மதுக்கூடத்திற்கும் அவற்றைத் தம்முடன் எடுத்துச் சென்றார். இத்தொகுப்பில் அதற்குச் சான்று உண்டு.

1960-இல் அவர் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1961-இல் பேட்சி கிளைன் பாடிப் புகழ்பெற்ற 'கிரேசி' அவர் இயற்றியது. ஆயினும் அவரே பாடிய இசைத்தட்டுகள் எதிர்பார்த்த அளவு விலைபோகவில்லை. தாளத்திற்குச் சற்றுப் பின்தங்கியோ முந்தியோ, பேசுவதைப் போலச் சொற்களை உதிர்க்கும் அவருடைய பாணி, வயலின் கூட்டங்களும் பின்னணிக் குரல்களும் மெழுகிய அந்நகரத்து இசைக்குப் பொருந்தவில்லை. வீடு தீப்பற்றியபோது எரியும் கூரைக்குள் ஓடித் தம் கித்தாரை மீட்டுவந்தார் என்பர். 'டிரிகர்' எனப் பெயர் சூட்டப்பெற்ற அந்த மார்ட்டின் கித்தார், இடைவிடாத மீட்டலால் பலகையே தேய்ந்து ஓட்டை விழுந்த நிலையிலும் அவர் கையை விட்டு அகலவில்லை. 1972-இல் அவர் டெக்சாசுக்கே திரும்பி ஆஸ்டின் நகரில் குடியேறினார். அட்லாண்டிக் நிறுவனத்திற்காக அவர் பாடிய இரண்டு தட்டுகளில், 1974-இல் வந்த 'பேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' ஒரு மணமுறிவின் கதையைப் பெண்ணின் பக்கமிருந்து ஒரு பாதியாகவும் ஆணின் பக்கமிருந்து மறுபாதியாகவும் சொல்கிறது. இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

கொலம்பியா நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், தம் இசையில் பிறர் தலையிடலாகாது என்னும் உரிமையை அவர் பெற்றிருந்தார். கொலராடோவிலிருந்து ஊர் திரும்பும் நெடும்பயணத்தில், தம் குழந்தைகளை உறங்க வைக்கத் தாம் பாடிவந்த பழைய பாட்டு ஒன்றை மனைவி நினைவூட்ட, அதனை நடுவில் வைத்து முன்னும் பின்னுமாக ஒரு கதையைக் கோத்தார். எடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் ஆகிய இருவர் 1950-களில் ஆக்கிய பாட்டு அது. கொலையும் குதிரையும் நிறைந்த அப்பாட்டு எங்ஙனம் தாலாட்டாயிற்று என்று நாம் கேட்கவேண்டியதில்லை. நம் தாய்மார் நல்லதங்காள் கதையைச் சொல்லியல்லவா நம்மைத் தூங்க வைத்தனர்! 1975 சனவரியில், கார்லண்ட் என்னும் ஊரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் சில நாள்களுக்குள் பதிவு முடிந்தது. செலவு சுமார் 4,000 டாலர் எனப் பலரும் எழுதியுள்ளனர். அத்தொழிலில் அது மிகச் சிறிய தொகை. நிறுவனத்தின் மேலாளர்கள் கேட்டுவிட்டு, இது முடிவுற்ற இசைத்தட்டா அல்லது முன்னோட்டப் பதிவா என்று ஐயுற்றனர். உடன்படிக்கை இருந்தமையால் ஒன்றும் மாற்ற இயலவில்லை. தட்டு கிராமிய இசை வரிசையில் முதலிடம் பெற்றது. அதிலுள்ள 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்' என்னும் பாட்டு, பாடகராக அவருக்கு முதல் முதலிடத்தையும் 1976-இல் கிராமி விருதையும் ஈட்டித் தந்தது. 1986-க்குள் இருபது இலட்சம் படிகள் விற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தேசியப் பாதுகாப்புக்கெனத் தெரிந்தெடுத்த 2009-ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இனி இசை. இதில் நம்மை முதலில் ஈர்ப்பது இல்லாமை. ஒரு கித்தார், அக்காள் பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன், தேவைப்படும் இடத்தில் மட்டும் மெல்ல எழும் தாழ்சுரமும் முரசும். பல இடங்களில் கித்தாரும் குரலும் மட்டுமே. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே காற்று நுழைந்து செல்கிறது. இரவில் ஏரிமீது படகில் செல்பவர்க்குத் தொலைவில் ஒருவர் பேசுவதும் காதருகே கேட்குமல்லவா, அத்தகைய தெளிவு. நம் ஆலயப் பாடகர் குழுக்கள் இத்தட்டை ஒருமுறையேனும் கேட்பது நலம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. கீபோர்டின் பொத்தானை அழுத்தியவுடன் புறப்படும் ஆயத்தத் தாளமும், கூம்பு ஒலிபெருக்கியும் சேர்ந்து தியானப் பாடலையும் தேர்தல் ஊர்வலமாக்கிவிடும் கொடுமையை அன்பர்கள் அறிவர். இங்கோ, தாளம் இல்லாத இடத்தில் நாம் தாளத்தை எண்ணுகிறோம். இசை நின்ற இடத்தில் நாம் மூச்சை அடக்குகிறோம்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். காலம் 1901. மனைவி தன் பழைய காதலனுடன் போய்விட்டதை ஒருவன் அறிகிறான். நம்ப மறுக்கிறான், புலம்புகிறான், குதிரையேறித் தேடிப் புறப்படுகிறான். ஓர் ஊர் மதுக்கூடத்தில் இருவரையும் காண்கிறான். அவர்கள் முகத்துப் புன்னகை மாறுமுன் சுட்டுக் கொல்கிறான். அதன்பின் அவன் கருங்குதிரை ஒன்றின் மேல், இறந்த மனைவியின் குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி ஊர் ஊராகத் திரிகிறான். வழியில் ஒரு பொன்முடிப் பெண், அக்குதிரையின் மேல் ஆசைகொண்டு அவனைப் பின்தொடர்ந்து வந்து அதனைத் தொடுகிறாள். அவளையும் சுட்டு வீழ்த்துகிறான். தட்டின் மறுபக்கத்தில் அவன் டென்வர் நகரை அடைகிறான், ஒரு பெண்ணுடன் நடனமாடுகிறான், அவள் மடியில் ஆறுதல் வேண்டுகிறான். இறுதியில் ஒரு வீட்டின் அமைதிக்குள் வந்து சேர்கிறான். பல இடங்களில் இணைப்பு சொல்லப்படாமலே விடப்படுகிறது. கேட்பவர்தாம் கதையை முடைய வேண்டும்.

இத்தொகுப்பின் இதயம் முன்னர்க் குறித்த அந்தப் புகழ்பெற்ற பாட்டு. அதனை இயற்றியவர் நெல்சன் அல்லர்; பிரெட் ரோஸ். 1940-களிலேயே ராய் ஆக்கஃப் அதனைப் பாடியிருந்தார். மழையில் அழுத விழிகளோடு பிரிந்துபோன ஒருத்தியை, முதுமையில் ஒருவன் நினைத்துருகுவதும், மறுமையில் கைகோத்து மீண்டும் சந்திப்போம் என்று ஆறுதல் கொள்வதும் அதன் பொருள். வானொலியில் தனியே கேட்ட இலட்சக்கணக்கானோர்க்கு அது களங்கமற்ற ஒரு பிரிவுப் பாட்டு. திருமணங்களிலும் அடக்கங்களிலும் பாடத்தக்கது. ஆனால் தட்டை வரிசைப்படி கேட்பவர் அதனை எங்கே சந்திக்கிறார்? மதுக்கூடத்தில் இருவர் சுடப்பட்ட உருப்படிக்கு அடுத்து. துப்பாக்கியின் புகை அடங்குமுன் எழும் குரல் அது. அழுத விழிகள் யாருடையவோ, அவற்றை மூடியவனே பாடுகிறான்.  நெல்சன் அதன் இடத்தை மாற்றினார். அதனால் ஒரு காதற்பாட்டு, கொன்றவன் தான் கொன்றவளுக்குப் பாடும் இரங்கற்பாவாகிவிட்டது. நமக்குத் தெரிந்தவரை, இசைத்தட்டு என்னும் ஊடகத்தில் இதனினும் எளிய வழியில் இதனினும் கொடிய பொருளை எவரும் ஏற்றியதில்லை.

இதனை எவ்வாறு ஏற்பது? கொன்றவன், கொல்லப்பட்டவளைப் பேரின்ப வாழ்வில் கைகோத்துச் சந்திக்க நம்புகிறான். இறையியல் பயின்றவர் இதனை உடனே தள்ளிவிட முடியாது. இறைவனின் இரக்கத்திற்கு எல்லை வகுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு வான்வீடு அன்றே வாக்களிக்கப்பட்டது. ஆயினும் அக்கள்வன் தன் தண்டனை தனக்குத் தகும் என்று வாய்விட்டுச் சொன்னான். அது லூக்கா நற்செய்தியில் தெளிவாக உள்ளது. நம் செம்முடியனோ அத்தகைய சொல் எதையும் சொல்வதில்லை. பிரிவின் துயரம் அவனிடம் மிகுதி. பிரிவை உண்டாக்கிய கை எவருடையது என்பதில் மட்டும் அவன் வாய் திறவாதவன். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று ஒப்புரவு அருள்சாதனத்தின் படிகளை நாம் சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். துயரம் தானாகவே மனத்துயராகிவிடாது என்பதை இப்பாட்டைப்போல நமக்கு விளக்கிய மறைக்கல்வி நூல் இல்லை. இழந்ததற்காக அழுபவனும், இழைத்ததற்காக அழுபவனும் ஒரே கண்ணீரைத்தான் சிந்துகின்றனர். காதால் கேட்டு வேறுபாடு காண இயலாது. பங்குப் பணியில் இது நாள்தோறும் நேரும் இக்கட்டு. அடித்தவன் மறுநாள் வந்து அழுகிறான். அவன் அழுகை பொய்யன்று. அது எதற்கான அழுகை என்பதைத்தான் அருள்பணியாளர் பொறுத்திருந்து அறிய வேண்டியுள்ளது.

இதற்கு அடுத்த உருப்படியாகிய தலைப்புப் பாட்டில் நம் பொறுமை பெரிதும் சோதிக்கப்படுகிறது. பொன்முடிப் பெண் கொல்லப்பட்டபின் சட்டம் அவனை விடுவிக்கிறது. குதிரை திருட வந்தவளைக் கொன்றவனைத் தூக்கிலிட முடியாது என்பது நியாயமாகச் சொல்லப்படுகிறது. பாட்டு இதனை எள்ளலாகச் சொல்கிறதா, எல்லைப்புற வாழ்வின் இயல்பாகச் சொல்கிறதா என்பது நெல்சனின் சமநிலைக் குரலில் பிடிபடவில்லை. சிலர் இதனைக் கலையின் நுட்பம் என்பர். நாம் அங்ஙனம் கருதவில்லை. அவள் குதிரையைத் தொட்டாள். தொட்டதற்கு அவள் உயிர் விலை. அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, அவளுக்காக அழ ஒருவரும் இல்லை. மனைவிக்கேனும் ஓர் இரங்கற்பா கிடைத்தது.

ஏரிக்கரையில் இத்தட்டைச் சிலருடன் ஒரு மாலை அமர்ந்து கேட்டு, கதையைத் தமிழில் விளக்கியபோது, மீன் கூடை சுமந்து விற்கும் ஒரு மூதாட்டி கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குப் பேரே இல்லையா ஃபாதர்?" பேராசிரியர் எவரும் எழுதிய விமர்சனத்தினும் இவ்வொரு வினா நம்மை நெடுநாள் தொடர்ந்தது. ஏனெனில் நம் கதைப்பாடல் மரபில் கொல்லப்பட்ட பெண்ணே பெயர் பெறுபவள். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையை நோக்குக. கணவனால் கொல்லப்பட்டவள் பேயுருக் கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி அவனைத் தொடர்ந்து வருகிறாள். இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் வழக்குரைக்கிறாள். அஞ்சிய அவனுக்கு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று எழுபது வேளாளர் வாக்களிக்கின்றனர். அன்றிரவு அவன் இறந்துபட, வாக்குத் தவறாத அவ்வெழுபதின்மரும் தீப்புகுந்தனர் என்பது கதை. பழிவாங்கலை நாம் போற்றவில்லை. ஆனால் அக்கதையில் இறந்தவள் பேசுகிறாள். ஊர் அவளைக் கேட்கிறது. தவறான தீர்ப்புக்கு ஊரே விலை கொடுக்கிறது. மேலைநாட்டுக் கதையிலோ தீர்ப்புக் கூறியவர்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை.

'பேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' தொகுப்பை நினைவிருத்தச் சொன்னோம். ஓராண்டுக்கு முன்னரே பெண்ணின் பக்கத்திற்கு ஒரு பாதியை முழுதாக ஒதுக்கிய கலைஞர் இவர். ஆகவே பெண்ணின் குரல் இதில் இல்லாதது அறியாமையால் நேர்ந்த குறையன்று. தெரிந்தே செய்த தேர்வு. கொலைஞனின் செவிக்குள் நம்மைப் பூட்டிவைக்க விரும்பினார். அவன் கேட்காததை நாமும் கேட்கவில்லை. இவ்வாறு வாதிடலாம், வாதம் வலுவுள்ளதுதான். ஆயினும் தெரிந்தே மூடிய கதவும் மூடிய கதவுதான்.

விவிலியத்தில் இதற்கு இணையான கதை தாவீதுடையது. உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசனும் ஒரு பாடகனே. அவனிடம் நாத்தான் இறைவாக்கினர் வந்தார். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த உவமையைச் சொல்லி, அரசனே சினங்கொண்டு தீர்ப்புக் கூறும்வரை காத்திருந்து, அந்த மனிதன் நீயே என்றார். அதன் பின்னரே திருப்பாடல் 51 தாவீதின் வாயில் வைக்கப்படுகிறது. செம்முடியனின் வழியில் நாத்தான் வரவில்லை. இவனே போதகனாதலால் இவனுக்குப் போதிப்பார் எவருமில்லை போலும். காயினுடன் ஒப்பிடுவது இன்னும் பொருந்தும். தம்பியைக் கொன்றவன் மண்ணுலகில் அலைபவனாகிறான். அவனை எவரும் கொல்லாதபடி ஆண்டவர் ஓர் அடையாளம் இடுகிறார். எவரும் நெருங்க அஞ்சும் இந்த அந்நியனின் செம்முடி அத்தகைய அடையாளமோ என்று நமக்கு ஒரு கணம் தோன்றியதுண்டு. ஆனால் தொடக்க நூலில் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூவுகிறது. அக்கூவலை நெல்சனின் தட்டில் தேடினோம்.

கிடைக்கவில்லை என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. தட்டின் முதற்பக்கம் முடியும் இடத்தில் சொற்கள் ஓய்ந்து, பழைய மறைப்பாடல் ஒன்றின் மெட்டு மட்டும் எழுகிறது. 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்பது அது. நோயாளியாக வாழ்ந்த ஆங்கிலப் பெண்மணி சார்லட் எலியட் 1830-களில் எழுதியது. பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டங்களில் மனந்திரும்ப விழைவோரை முன்னே வருமாறு அழைக்கும் வேளையில் இசைக்கப்பட்டு உலகறிந்தது. நம் சீர்திருத்தச் சபைச் சகோதரர்களின் ஞானப்பாட்டுகளில் தமிழாக்கமும் உண்டு. பாவி தான் இருக்கும் நிலையிலேயே வருகிறேன் என்று அறிக்கையிடும் பாட்டு. இத்தட்டு முழுவதிலும் அறிக்கைக்கு உரிய இடம் அது ஒன்றே. அங்கே கொலைஞன் பாடவில்லை. பாபி நெல்சனின் பியானோ முன்னிற்கிறது. சிறுவயதில் ஆலயத்தில் தம்பிக்கு இசைத்த அதே விரல்கள். சொல்ல வேண்டிய சொற்கள் கேட்போர் பலர்க்கு மனப்பாடம். மெட்டு கேட்டவுடன் அவை அவர்கள் உள்ளத்தில் தாமே எழும். சொல்ல வேண்டியவன் வாய் மட்டும் மூடியிருக்கிறது. அவன் சொல்ல மறுக்கிறானா, சொல்ல முடியாமல் நிற்கிறானா? இரண்டு நிமிடமும் நிரம்பாத இவ்விசைக்காகவே இத்தட்டைக் கையில் வைத்திருக்கலாம் என்பது நம் தீர்ப்பு. 2022-இல் பாபி மறைந்த செய்தி வந்தபோது நாம் முதலில் கேட்டது இதைத்தான்.

மறுபக்கத்தை விரைந்து கடக்கலாம். டென்வர் பாட்டு சிறியது. அதையடுத்து வரும் நடன இசை, மெக்சிகோவின் ஹுவெந்தினோ ரோசாஸ் இயற்றிய 'அலைகளின் மேல்' என்னும் வால்ட்ஸ். உலகெங்கும் சர்க்கஸ் கூடாரங்களில் ஒலித்த மெட்டு. அம்மாலையில் நம்முடன் இருந்த இளைஞர் இருவர் அதற்குத் துடுப்புப் போடும் அசைவோடு தோளாட்டியது கண்டு மகிழ்ந்தோம். பிறகு 'கேன் ஐ ஸ்லீப் இன் யுவர் ஆர்ம்ஸ்' என்னும் பாட்டு வருகிறது. தனிமையில் நொந்தவன் ஒரு பெண்ணிடம் அடைக்கலம் கேட்கிறான். நெல்சன் இதில் குரலைத் தாழ்த்திப் பாடுவது மிக அழகு. அப்பெண்ணுக்கு அவன் கதை தெரியுமா என்னும் அச்சம் நம்மை விட்டு நீங்கவில்லை.

நாம் உடன்பட முடியாத இடம் இறுதிக்கு முந்திய பாட்டு, 'ஹேண்ட்ஸ் ஆன் தி வீல்'. பில் காலரி இயற்றிய அது தன்னளவில் மிகச் சிறந்த பாட்டு. முதியவர் ஒருவரும், ஒரு குழந்தையும், காதலின் நிலைபேறும் அதில் உள்ளன. உலகம் கட்டின்றிச் சுழல்கையில் ஒரு வீட்டைக் கண்டடைந்த நிறைவு அதில் ததும்புகிறது. இத்தொகுப்பின் முடிவாக அது வந்து நிற்கும்போதோ, மூன்று உயிர்களின் கணக்கு தீர்க்கப்படாமலே ஏடு மூடப்படுகிறது. நல்ல பெண் ஒருத்தியின் அன்பு கிடைத்துவிட்டால் பழைய கொலை தானே கழுவப்பட்டுவிடும் என்னும் எண்ணம் மேலைநாட்டுக் கதைகளில் மட்டும் உள்ளதன்று. "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவெச்சா திருந்திடுவான் ஃபாதர்" என்று மகனுக்காகப் பரிந்து வரும் பெற்றோரிடம் நாம் எத்தனை முறை இதனைக் கேட்டுள்ளோம்! மணம் செய்விக்கப்படும் அந்தப் பெண்ணை எவரும் கேட்பதில்லை. நெல்சனின் குரல் அப்பெற்றோரின் பக்கம் நின்று, அவர்களினும் இனிமையாக அதையே சொல்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் 'பாடு' என்னும் சொல்லுக்கு வெளியூரார் அறியாத ஒரு பொருள் உண்டு. எந்த ஊரார் எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலை விடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வகுத்துக்கொள்ளும் பழைய ஒழுங்குக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் மற்றவர் வலை போட்டால் ஊர் கூடிக் கேட்கும். துன்பமும் பாடு, ஆண்டவரின் பாடுகள் என்கிறோம். பாடு என்று பாடகனையும் ஏவுகிறோம். இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில், பாடுகிறவன் யாருடைய பாட்டில் வலை விடுகிறான் என்று கேட்பது தகுமென நினைக்கிறோம். நம் நாட்டுப்புற இசையைப் பல்கலைக்கழகத்திற்கும் பொதுமேடைக்கும் கொண்டுசேர்த்த கே. ஏ. குணசேகரன் (1955–2016), கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைத் தம் உச்சக் குரலில் பாடியபோது, 1968-இல் கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் பாட்டை அவர்கள் பக்கம் நின்றே பாடினார். அங்கே இனிமைக்கு இடமில்லை, தேவையும் இல்லை. நெல்சனின் கலை எதிர்த்திசையில் செல்வது. கொன்றவனின் உள்ளே புகுந்து, அவனும் அழக்கூடியவன் என்று காட்டுகிறது. இரண்டும் மானிட உண்மைகளே. எனினும் இரண்டில் எதை எப்போது எவர் முன்னிலையில் ஒலிக்கச் செய்வது என்பதில் நாம் கவனமாகவே இருப்போம். முன் சொன்ன பங்கு இல்லத்துப் படியில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் இரவில் 'புளூ ஐஸ்' பாட்டை நாம் ஒலிக்கவிட மாட்டோம்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. வருவோர் அவற்றைப் படம் பிடித்துச் செல்கின்றனர். உள்ளே உள்ள கற்களில் செல்வர்களின் பெயர்கள் தெளிவான எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. தட்டை இருமுறை கேட்டபின் நம் மூதாட்டி அப்பொன்முடிப் பெண்ணுக்குத் தாமே ஒரு பெயர் வைத்துவிட்டார். மஞ்சளம்மா என்றார். அந்தக் குதிரை என்ன ஆயிற்று என்றும் கேட்டார். தலைப்புப் பாட்டுக்குப் பின் அதைப் பற்றிய பேச்சே தட்டில் இல்லை என்றோம். கடைசி உருப்படியாகிய 'பாண்டெரா'வில் சொல்லே கிடையாது. கித்தார் மெல்ல நடை போடுவது மட்டுமே கேட்கிறது. "அதுதான் குதிரை போவுது" என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு அவர் படகுத்துறைக்கு எழுந்தார்.